கூலிப்படைகளின் ஆப்பிரிக்கா – 9: பொம்மைகளுக்கு அடியில் துப்பாக்கி

1993-ல் அங்கோலாவின் சோயோ எண்ணெய்த் துறைமுகத்தில் கூலிப்படை ஒரு கம்பெனியாகக் களமிறங்கிய கதையை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் மைக் ஹோரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

லுமும்பா கொலையும் கட்டாங்கா பிரிவினையும் வாசகர்கள் அறிந்தவை. 1964-ல் காங்கோவின் பிரதமரான சோம்பே, சிம்பா கிளர்ச்சியை ஒடுக்க ஹோரை அழைத்தார். கல்கத்தாவில் பிறந்து, பர்மாவில் போரிட்டு, டர்பனில் குடியேறிய கணக்காளர் அவர். தென்னாப்பிரிக்காவிலும் ரொடீசியாவிலும் ஆள் திரட்டி ஐந்தாவது கமாண்டோ படையை நடத்தினார். 'கிறுக்கு மைக்' என்று மேலைப் பத்திரிகைகள் செல்லமாக அழைத்தன. 'தி வைல்ட் கீஸ்' படத்துக்கு அவரே ஆலோசகர். அதில் ரிச்சர்ட் பர்ட்டன் ஏற்ற வேடமும் அவரை வைத்து உருவானதுதான். அவருடைய ஆட்கள் பிடித்த ஊர்களில் வங்கிப் பெட்டகங்களை உடைத்தார்கள், கைதிகளைச் சுட்டார்கள். இவரைச் சாகச வீரர் என்று எழுத என் பேனா ஒப்பாது.

1981 நவம்பர் 25. செஷல்ஸ் தீவின் மாஹே விமான நிலையத்தில் ஹோரும் நாற்பதுக்கு மேற்பட்டவர்களும் சுற்றுலாப் பயணிகளாக வந்து இறங்கினார்கள். பீர் விரும்பிகள் சங்கத்தினர், அனாதைக் குழந்தைகளுக்குப் பொம்மை கொண்டுவந்திருக்கிறோம் என்றார்கள். பொம்மைகளுக்கு அடியில் ஏகே-47. அதிபர் ரெனேயைக் கவிழ்த்து, அவர் 1977-ல் விரட்டிய மான்ச்சமைத் திரும்பக் கொண்டுவருவது திட்டம். ஒரு சுங்க அதிகாரி ஒரு பையில் துப்பாக்கியைக் கண்டுபிடித்தார். திட்டம் அங்கேயே குலைந்தது. சண்டை மூண்டது. இரு தரப்பிலும் உயிர் போயிற்று.

அந்த இரவில்தான் பம்பாய்க்குப் போய்க்கொண்டிருந்த ஏர் இந்தியா போயிங் அங்கே இறங்கியது. கூலிப்படையினர் அதைக் கைப்பற்றி டர்பனுக்குப் பறந்தார்கள். உடன் வந்த சிலரை எதிரியிடம் விட்டுவிட்டுத்தான் பறந்தார்கள். அதில் நால்வருக்கு மாஹேயில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு விடுதலை கிடைத்தது.

பிரிட்டோரியா முதலில் பெரும்பாலானவர்களை வழக்கே இல்லாமல் வீட்டுக்கு அனுப்பியது. உலக நாடுகள் கொதித்த பிறகே விமானக் கடத்தல் வழக்கு. 1982-ல் ஹோருக்குப் பத்தாண்டு சிறை; 1985-லேயே வெளியே வந்துவிட்டார். நிறவெறி அரசின் உளவுத்துறைக்கு இந்தத் திட்டம் முன்கூட்டியே தெரியும் என்பது என்னைப் பொறுத்தவரை இவ்வழக்கின் மிகக் கசப்பான உண்மை.

பன்னிரண்டு ஆண்டுகளில் அதே தென்னாப்பிரிக்காவிலிருந்து கிளம்பியவர்களுக்குப் பொம்மைப் பை தேவைப்படவில்லை. அங்கோலா அரசே அவர்களோடு ஒப்பந்தம் போட்டது. சோயோ, அடுத்த இதழில்.