நோவைச் சுட்ட ஊசி

நாரி நோவுக்கு நரம்பைச் சுடலாம் என வைத்தியர் கூறின் எம்மவர் அஞ்சுகின்றனர். இச்சிகிச்சையின் வரலாற்றை அறிதல் நன்று. 1971 இல் அவுஸ்திரேலியாவில் ரீஸ் என்பவர் முள்ளந்தண்டு மூட்டுகளின் நரம்பைக் கத்தியால் அறுத்து, ஏறத்தாழ அனைவரையும் குணப்படுத்தியதாக எழுதினார். 1975 இல் அமெரிக்கரான ஷீலி, கத்தியை விடுத்து உயர் அதிர்வெண் மின்னோட்டத்தால் நரம்பைச் சுட்டார். பின்னர் உடற்கூற்றியலாளர் பொக்டக் ஆராய்ந்தபோது, ரீசின் கத்தி அந்நரம்பை எட்டியதே இல்லை எனத் தெரிந்தது! அவ்வாறாயின் நோ தீர்ந்தது எதனால்? வெறும் நம்பிக்கையாலா?

பொக்டக்கும் சகாக்களும் 1996 இல் வெளியிட்ட சோதனை இவ்வினாவை நேரே எதிர்கொண்டது. வாகன விபத்தின் பின் தீராத கழுத்து நோவுற்ற 24 பேரில் 12 பேருக்கு ஊசிமுனை 80 பாகை செல்சியசுக்குச் சூடாக்கப்பட்டது. ஏனையோருக்கு ஊசி மட்டுமே. நோ பாதியளவுக்குத் திரும்ப, முன்னவருக்கு இடைநிலையாக 263 நாள்கள் சென்றன, பின்னவருக்கு 8. சுட்ட நரம்பு மீண்டும் வளரும். அப்போது நோவும் திரும்பலாம், மறுபடி சுடலாம்.