ஜோகூர் கண்ட சமாதானம்

1964ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் தேதி பின்னிரவில், ஜோகூர் மாநிலத்து லாபிஸ் வட்டாரத்தில் வானத்திலிருந்து படையினர் இறங்கினர். இந்தோனேசிய விமானங்களிலிருந்து பாராசூட் கட்டிக் குதித்த 96 பேர் அவர்கள். இடியும் மழையும் அவர்களைச் சிதறடித்தன. பால்மரக் காட்டில் சிலரும் பெருங்காட்டில் சிலருமாகத் திக்குத் தெரியாது வீழ்ந்தனர். அதற்குப் பதினாறு நாள் முன்னர், ஆகஸ்டு 17இல், சுமார் நூறு பேர் கடல் வழியே பொந்தியான் கரையில் இறங்கியிருந்தனர். கம்யூனிஸ்டுப் போராட்டக் கால அவசரநிலை 1960இல்தான் நீங்கியிருந்தது. விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து மரம் சீவப் போகும் நம் மக்களுக்குக் காடு மீண்டும் அச்சந் தருவதாயிற்று.

இப்பகையின் மூலம் யாவரும் அறிந்ததே. மலாயா, சிங்கப்பூர், சபா, சரவாக் ஆகியவை சேர்ந்து மலேசியா அமைவதை இந்தோனேசிய அதிபர் சுகர்ணோ வெள்ளையரின் சூழ்ச்சி என்று கருதினார். சபா, சரவாக் மக்களின் விருப்பத்தை அறிய ஐக்கிய நாடுகள் சபை 1963 ஆகஸ்டில் ஒரு குழுவை அனுப்பிற்று. பெரும்பாலோர் மலேசியாவையே விரும்புகின்றனர் என அக்குழு கண்டது. ஆயினும் குழு வேலையை முடிக்குமுன்னரே, செப்டம்பர் 16இல் மலேசியா பிறக்கும் என நம் அரசாங்கம் நாள் குறித்துவிட்டது. தீர்ப்புக்கு முன் விருந்துக்கு ஓலை அனுப்பியது போன்ற செயல் அது. பகைக்கு அதுவே காரணம் என்று சொல்லோம். எனினும் நம் பக்கத்துப் பிழையை மறைப்பதும் நேர்மையன்று.

லாபிஸ் நிகழ்ச்சி பாதுகாப்புச் சபைக்குச் சென்றது. மலேசியாவின் வழக்கை எடுத்துரைத்தவர் ஜோகூர் பாருவில் பிறந்த டாக்டர் இஸ்மாயில். ஜோகூர்க் காட்டில் கைப்பற்றிய ஆயுதங்களை அவர் சபை மண்டபத்திற்கே கொண்டு சென்று காட்டினார். படையினர் நுழைந்ததை இந்தோனேசியப் பிரதிநிதியும் மறுத்தாரில்லை. அச்செயலுக்கு வருந்தி, இரு தரப்பும் பேச்சைத் தொடர வேண்டுமென நார்வே ஒரு தீர்மானம் கொணர்ந்தது. செப்டம்பர் 17இல் ஒன்பது நாடுகள் ஆதரித்தன, எதிர்த்தவை இரண்டே. அவ்விரண்டில் ஒன்று சோவியத் ருஷ்யா. அதன் வீட்டோ அதிகாரத்தால் தீர்மானம் வீழ்ந்தது. உலக மன்றத்தில் உண்மை நிலைநாட்டப்பட்டது. ஆனால் காவல் கிடைக்கவில்லை. மறு ஆண்டு சனவரியில் பாதுகாப்புச் சபையில் மலேசியாவுக்கு இடம் கிடைத்ததைப் பொறாது, இந்தோனேசியா ஐக்கிய நாடுகள் சபையை விட்டே விலகிற்று.

சமாதானம் வந்தது வேறு வழியாக. 1965 அக்டோபர் தொடங்கி இந்தோனேசியாவில் நடந்த படுகொலைகளில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அக்குருதியின் மேல் எழுந்த புதிய ஆட்சியே போரை நிறுத்த விரும்பியது. நாம் பெற்ற அமைதியின் அடியில் அயலாரின் அவ்வளவு துயரம் கிடப்பதை மறக்க நமக்கு உரிமையில்லை.

1966 மே மாத இறுதியில் துன் ரசாக்கும் இந்தோனேசிய வெளிநாட்டு மந்திரி ஆதம் மாலிக்கும் பாங்காக்கில் கூடினர். இருவரையும் சேர்த்து வைத்தவர் தாய்லாந்தின் வெளிநாட்டு மந்திரி தானாட் கோமான். வல்லரசுகள் செய்ய இயலாததை அண்டை வீட்டுக்காரர் செய்தார். ஆகஸ்டு 11இல் ஜக்கார்த்தாவில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சபா, சரவாக் மக்கள் பொதுத் தேர்தல் வாயிலாகத் தம் முடிவை மீண்டும் உறுதி செய்ய வாய்ப்பளிக்கப்படும் என்பது அதில் ஒரு நிபந்தனை. எவரும் தோற்றதாகத் தலைகுனிய வேண்டாதபடி அமைந்த வாசகம் அது. மறு ஆண்டு ஆகஸ்டு 8இல் அதே பாங்காக்கில் ஐந்து நாடுகள் கூடி ஆசியான் சங்கத்தை அமைத்தன. பகைவராயிருந்த இருவரும் ஒரே சங்கத்தில் உறுப்பினராயினர். அதன்பின் ஜோகூர்க் கரையில் இந்தோனேசியப் படை இறங்கவில்லை.

இவ்வளவும் நற்செய்தியே. ஆனால் நகரவாசிகளான நம் வாசகர்க்கு இன்னொரு கணக்கும் உண்டு. இப்போரைக் காரணங்காட்டி 1965 மார்ச்சு 1ஆம் தேதி நாடெங்கும் நகராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அமைதி திரும்பியதும் தேர்தலும் திரும்பும் எனப் பிரதமர் துங்கு உறுதி கூறினார். ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று, தூதர்கள் மீண்டனர், வணிகம் மீண்டது. தேர்தல் மட்டும் மீளவில்லை. சபா, சரவாக் மக்களின் வாக்கைச் சான்றாக வைத்துச் செய்த சமாதானத்தில், குப்பை அள்ளவும் தெருவிளக்கு ஏற்றவும் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஜோகூர்ப் பட்டணத்தானுக்கு ஏன் ஆபத்தாகப் பட்டது? உள்ளாட்சியை ஆராய ஓர் அரச ஆணைக்குழு அமைந்தது. அதன் தலைவர் நம்மவரான ஆதி நாகப்பன். மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களே வேண்டும் என அக்குழு பரிந்துரைத்தது. அவ்வறிக்கை 1971இல் வெளிவந்தது. 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் அப்பரிந்துரையை ஒதுக்கி, உறுப்பினரை மாநில அரசாங்கமே நியமிக்கும் என விதித்தது.