வாத்து வேட்டைக்கு ஏற்ற வெயில்

1940 நவம்பர் 11 காலை, அமெரிக்காவின் மினசோட்டாவில் இலையுதிர்காலத்துக்குச் சற்றும் பொருந்தாத வெதுவெதுப்பு. விடுமுறை வேறு. மிசிசிப்பி ஆற்றுத் தீவுகளுக்கு வாத்து வேட்டைக்குப் போனவர்கள் மெல்லிய சட்டையோடு கிளம்பிவிட்டார்கள். பிறகு காற்று திரும்பியது. குளிர்மழை, அது உறைந்து பனிப்புயல். வாத்துகள் கூட்டங்கூட்டமாகத் தாழப் பறந்துவர, சுடும் ஆசையில் பலர் கரை திரும்பவில்லை. அந்த ஆசையை நான் குறைசொல்ல மாட்டேன், முன்னறிவிப்பைத்தான் சொல்வேன். அது சிகாகோ வானிலை அலுவலகத்திலிருந்து வந்தது. அப்போது இரவில் அங்கே ஆளே கிடையாது!

மினசோட்டாவில் மட்டும் 49 பேர் மாண்டார்கள். மாக்ஸ் கான்ராட் என்ற விமானி ஆற்றின்மேல் தாழப் பறந்து, சாண்ட்விச், தீப்பெட்டி, விஸ்கி அடைத்த தகர டப்பாக்களைத் தீவுகளில் சிக்கியவர்களுக்குப் போட்டார். விஸ்கியை மறக்கவில்லை, பாருங்கள். தன் வட்டாரத்துக்குத் தானே வானிலை சொல்லும் அதிகாரம் மினியாபொலிஸ் அலுவலகத்துக்கு இதற்கப்புறந்தான் கிடைத்தது.