சாதியற்றோர் கச்சேரி

பெயரிலேயே ஒரு சாதியின் சாயலைச் சுமந்து நிற்கும் ஊர் பாப்பாரப்பட்டி. இவ்வூர்க்காரர்களாகிய நாங்கள், சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்றோர் இசைக்குழு கிளம்பியிருப்பதாகக் கேள்வியுற்றபோது, பாட்டுக்கு முன்னதாகப் பெயரைத்தான் கவனித்தோம். இதே தருமபுரி மாவட்டத்தில் 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் ஒரு காதல் திருமணத்தைக் காரணங்காட்டிக் கொளுத்தப்பட்டன. எரிந்தும் சூறையாடப்பட்டும் போனவை 250க்கும் மேற்பட்ட வீடுகள். அந்தச் சாம்பலுக்கு ஐந்தாண்டுகள் கழித்து மேடையேறி, 'எமக்குச் சாதியில்லை' என்று பெயர் சூட்டிக்கொள்வதை எப்படிப் புரிந்துகொள்வது?

விடை அயோத்திதாசப் பண்டிதரிடம் இருக்கிறது. 1891 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி, ஒடுக்கப்பட்டோர் தம்மைச் சாதிபேதமற்றவர்களாகப் பதிந்துகொள்ள வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி அக்கருத்தை வாரந்தோறும் எழுதினார். குழுவின் பெயர் அங்கிருந்து எடுக்கப்பட்டது. ஆகவே அது சாதியை மறந்துவிட்டதாகச் சொல்லும் பெயரன்று. சாதிப் பட்டியலில் நிற்க மறுத்தவர்களின் பழைய விண்ணப்பம்.

திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் 2017இல் இக்குழுவை உருவாக்கினர். கானாப் பாடகர்கள், ராப் பாடகர்கள், ராக் இசைஞர்கள் எனத் தேர்வானவர்கள் 19 பேர். அவர்களில் பெண் இசைவாணி ஒருவர் மட்டுமே. 2018 சனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்துப் பள்ளி மைதானம் ஒன்றில் முதல் கச்சேரி. எல்லோரும் ஒரே மாதிரிக் கோட்டு சூட்டு அணிந்து நின்றார்கள். அம்பேத்கரின் சிலைகளைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் அந்த உடையின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இக்குழுவைச் சோதனை முயற்சி என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கானாவோடு கிதாரைச் சேர்த்ததையே சுட்டுவார்கள். எங்கள் பார்வையில் அது சிறிய விஷயம். கலவை இசை தமிழ்த் திரைக்குப் புதிதல்ல. கானா வடசென்னையின் சாவு வீட்டில் வளர்ந்த பாட்டு. பறையும் சட்டியும் கட்டமோளமும் பிணத்துக்கு முன்னால் போகும் கருவிகள். சினிமா கானாவை எடுத்தாண்டபோது சாவை உதறிவிட்டுக் குடியையும் கேலியையும் மட்டும் வைத்துக்கொண்டது. (1990களில் தேவாவின் பாடல்களை நாங்களும் ரசித்தவர்கள்தாம், மறுக்கவில்லை.) காஸ்ட்லெஸ் கலெக்டிவ் அந்தக் கருவிகளை நாட்டுப்புற அலங்காரமாக ஓரத்தில் நிறுத்தவில்லை. அடி அவர்களுடையது, கிதார் அதற்குப் பின்னே போக வேண்டும். தீட்டு என்று ஊர் ஒதுக்கிய ஓசைக்கு மற்றவை தாளம் தப்பாமல் இசைய வேண்டியிருந்தது. சோதனை என்று ஒன்று இருக்குமானால் அது இதுவே.

பாடுபொருளிலும் அவர்கள் சுற்றி வளைக்கவில்லை. இடஒதுக்கீட்டுக்கு ஒரு பாட்டு, மாட்டுக்கறிக்கு ஒரு பாட்டு, அம்பேத்கருக்கு ஒரு பாட்டு. சில இடங்களில் முழக்கம் பாட்டை விழுங்கிவிடுகிறது என்பதையும், மேடையில் கிடைக்கும் உக்கிரம் ஒலிப்பதிவில் பாதிகூட இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வடசென்னைத் தமிழில் ஊறிய அந்தப் பாடல்கள், தெருக்கூத்தும் ஒப்பாரியும் கேட்டுப் பழகிய எங்கள் பக்கத்துக் காதுக்கு முதலில் அயலூர்ப் பாட்டாகவே ஒலித்தன. ஆனால் பறையடிக்கு உரை எழுத வேண்டியிருக்கவில்லை.

இத்தனை பேர் கொண்ட குழு நெடுநாள் ஒரே கூரையின்கீழ் இருப்பது அரிது. அறிவு 2019இல் 'தெருக்குரல்' தொகுப்பையும், 2021இல் உலகமெங்கும் கேட்கப்பட்ட 'எஞ்சாயி எஞ்சாமி'யையும் தந்தார். அவ்வாண்டே ஒரு பத்திரிகை அட்டையில் அவர் படம் இடம்பெறாமற் போனதும், அதையொட்டிப் பாட்டு யாருடையது என்ற வழக்காடல் எழுந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். தென்மா 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு', 'நட்சத்திரம் நகர்கிறது' படங்களுக்கு இசையமைத்தார். நீலம் மையம் 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' விழாவைத் தொடங்கி, சபாக்களின் மாதத்தில் பறைக்கும் ஒப்பாரிக்கும் மேடை போட்டது. குழுவின் தொடர்ச்சியாக இதையே நாங்கள் முதலில் கருதுகிறோம்.

இசைவாணியை 2020இல் பிபிசி தன் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது. நான்காண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், கோயில் நுழைவு உரிமை குறித்து அவர் குழுவோடு பாடிய பாட்டுக்காக அவரைக் கைது செய்யக் கோரிப் புகார்கள் குவிந்தன, மிரட்டல்களும் வந்தன. நீலம் மையம் அவருக்கு ஆதரவாக அறிக்கை வெளியிட்டது. அந்தப் பாட்டு 2018இல் பாடப்பட்டது.