திராபனித் துறையில் ஒரு ஹாஜி

பயண நூல்களைக் கையில் எடுப்போர் போகும் வழியை ஆவலோடு படிப்பர். திரும்பும் வழி வந்ததும் ஏடுகளை விரைந்து புரட்டிவிடுவர். அறிஞர் இப்னு ஜுபைரின் ‘ரிஹ்லா’வுக்கும் நம்மிடையே இதே கதிதான். புனித மக்காவைப் பற்றி அவர் எழுதிய பகுதிகளை அரபு மதரஸாக்களில் ஓதியோர் பலர் அறிவர். பக்தாதின் வஅளு மஜ்லிஸ்களை அவர் வருணித்ததைச் சொற்பொழிவாளர்கள் எடுத்துக் காட்டுவதுண்டு. ஆனால் ஹஜ்ஜை முடித்து ஊர் திரும்பும் வழியில், ஐரோப்பிய மண்ணில், கப்பலுக்காக அவர் காத்திருந்த குளிர்கால நாட்களைப் பற்றிப் பேசுவோர் அரியர். என் மாணவர்களிடம் அப்பகுதியையே முதலில் படிக்கச் சொல்வது என் வழக்கம். அந்நூலில் மனிதர்கள் மிக நெருக்கமாக வந்து பேசும் இடம் அதுவே என்பது என் கருத்து.

இப்னு ஜுபைர் ஹிஜ்ரி 540இல் (கி.பி. 1145) அந்தலுஸின் பலன்ஸிய்யா நகரில் பிறந்தவர். கர்னாத்தாவின் ஆளுநரிடம் எழுத்தராகப் பணியாற்றியவர். ஆளுநர் அவரை வற்புறுத்தி ஏழு கிண்ணம் மது அருந்தச் செய்ததாகவும், பின்னர் வருந்தி ஏழு கிண்ணம் நிறையப் பொற்காசுகள் அளித்ததாகவும், அப்பாவத்துக்குப் பரிகாரமாக அப்பொருளைக் கொண்டே அவர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டதாகவும் பிற்கால வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். கதை எப்படியாயினும், 1183 பிப்ரவரியில் அவர் கர்னாத்தாவை விட்டுப் புறப்பட்டது உறுதி. இன்றைய நிலப்படத்தில் பார்த்தால் அவரும் ஓர் ஐரோப்பியரே. ஐரோப்பாவின் ஒரு மூலையில் முஸ்லிம்கள் ஆண்ட காலம் அது. இன்னொரு மூலையில் அவர்கள் ஆட்சியை இழந்து குடிமக்களாக எஞ்சியிருந்தனர். முதல் மூலையில் பிறந்தவர் இரண்டாம் மூலையில் சில மாதங்கள் தங்க நேர்ந்ததைத்தான் நாம் இங்கே காணப்போகிறோம்.

ஹஜ்ஜை முடித்து, பக்தாது, மோசுல், அலெப்போ, திமிஷ்க் ஆகிய நகரங்களைக் கண்டு, சிலுவை வீரர்களின் பிடியிலிருந்த அக்கா துறைமுகத்தை அடைந்தார். அங்கே ஜெனோவா நகரத்தாரின் கப்பலில் இடம் பிடித்தார். மேற்கே செல்வதற்குரிய கீழ்க்காற்று ஆண்டில் இரு பருவங்களில் மட்டுமே வீசும் என்று அவர் எழுதுகிறார். அது இலையுதிர்ப் பருவம். காற்று ஏறத்தாழ இரு வாரமே நிலைக்கும். 1184 அக்டோபர் 18இல் நங்கூரம் எடுத்தனர். ஜெரூசலத்திலிருந்து திரும்பும் கிறிஸ்தவ யாத்திரிகர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அக்கப்பலில் இருந்தனர். முஸ்லிம்கள் தனியே ஓரிடம் தேடிக்கொண்டனர். நவம்பர் முதல் நாள் இரவில் கிறிஸ்தவர்கள் தம் திருநாளுக்காக ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏந்த, கப்பல் முழுவதும் ஒளிமயமாய் இருந்ததை வியப்போடு குறிக்கிறார். பிறகு காற்று மாறியது. உணவு குறைந்தது. சிலர் இறந்தனர்; உடல்கள் கடலில் விடப்பட்டன. இறந்தவர் எம்மதத்தினராயினும் அவர் பொருள் கப்பல் தலைவனுக்கே சேரும் என்பது அவர்களின் வழக்கம். வாரிசு வாசலில் நிற்பது போல அத்தலைவன் நின்றான் என்று எண்ணிப் பார்க்கையில் நமக்கே நெஞ்சு கூசுகிறது.

ரமளான் பிறந்து சில நாட்களே ஆகியிருந்த வேளையில், மஸ்ஸீனா ஜலசந்தியில் கப்பல் கரைதட்டி உடைந்தது. சிறு படகுகள் வந்தன. ஆனால் படகுக்காரர் கேட்ட கூலியோ மிக அதிகம். ஏழை முஸ்லிம்கள் கொடுக்க வழியின்றி உடைந்த கப்பலிலேயே நின்றனர். அவ்வேளையில் சிசிலியின் அரசர் இரண்டாம் வில்லியம் தம் கடற்படை வேலைகளைப் பார்வையிட மஸ்ஸீனாவில் தங்கியிருந்தார். கப்பலுடைந்த இடத்துக்குத் தாமே வந்து, செய்தியறிந்து, நூறு கால்-தீனார்களைக் கொடுத்து அவ்வேழைகளைக் கரையேற்றச் செய்தார். அரசர் அங்கில்லாதிருந்தால் பொருளெல்லாம் கொள்ளை போயிருக்கும், முஸ்லிம்கள் அனைவரும் அடிமைகளாயிருப்பர், ஏனெனில் அதுவே அக்கரையோர வழக்கம் என்று இப்னு ஜுபைரே எழுதுகிறார்.

சிசிலியில் முஸ்லிம்கள் கால் வைத்தது 827இல். பலர்மு நகரம் அவர்கள் கைக்கு வந்தது 831இல். நார்மானியர் 1072இல் பலர்முவைக் கைப்பற்றி, 1091க்குள் தீவு முழுவதையும் வென்றனர். எனவே இப்னு ஜுபைர் கரையேறிய காலத்தில், ஆட்சி கைமாறி ஏறக்குறைய நூறாண்டு கழிந்திருந்தது. ஆயினும் மண்ணை உழுதவர், பட்டு நெய்தவர், கணக்கு எழுதியவர், அரசரின் சமையலறையை மேற்பார்த்தவர் எனப் பலரும் முஸ்லிம்களாகவே இருந்தனர். அரசர் வில்லியம் அரபு மொழியை எழுதப் படிக்கத் தெரிந்தவர். அவருடைய கையொப்ப முத்திரையில் அல்லாஹ்வைப் புகழும் அரபு வாசகமே இருந்தது. நிலநடுக்கம் ஒன்றில் அரண்மனைப் பெண்களும் பணியாளரும் அச்சத்தில் அல்லாஹ்வையும் ரசூலையும் கூவி அழைத்தனராம். அரசர் வந்ததும் நடுங்கி வாய் மூடினர். அவரவர் வணங்கும் இறைவனை அவரவர் அழைக்கட்டும் என்று அரசர் தேற்றினாராம்.

இத்துடன் புத்தகத்தை மூடிவிடுவோர் உண்டு. மேடைகளில் இந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி, அக்காலம் பொற்காலம் என்று முடித்துவிடுவோரையும் கேட்டிருக்கிறேன். அப்பணியாளர்கள் அரசர் வந்ததும் ஏன் வாய் மூடினர் என்று அவர்கள் கேட்பதில்லை.

மஸ்ஸீனாவில் அப்துல் மஸீஹ் என்றழைக்கப்பட்ட அரண்மனை அதிகாரி ஒருவர் நம் ஹாஜியைத் தம் இல்லத்துக்கு அழைத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார், ஐயத்துக்குரிய பணியாட்களை வெளியே அனுப்பினார். பிறகு மக்காவைப் பற்றியும் மதீனாவைப் பற்றியும் கேட்டுக் கேட்டு உருகினார். அங்கிருந்து கொண்டுவந்த பரக்கத்தான பொருள் ஏதேனும் இருந்தால் தருமாறு கெஞ்சினார். நீங்கள் உங்கள் தீனை வெளியே காட்டலாம், நாங்களோ உயிருக்கஞ்சி மறைத்து வைத்திருக்கிறோம் என்பதே அவர் பேச்சின் சாரம். பெயரோ மஸீஹின் அடிமை என்று பொருள்படுவது; உள்ளமோ கஃபாவில் இருந்தது.

மஸ்ஸீனாவிலிருந்து படகிலும் பிறகு கால்நடையாகவும் பலர்மு நோக்கிச் சென்றனர். வழியில் எதிர்ப்பட்ட கிறிஸ்தவர்கள் தாமே முந்திக்கொண்டு முகமன் கூறினர். நகருக்கு அருகே கஸ்ரு ஸஅத் என்னும் கோட்டையில் ஓரிரவு தங்கினர். அங்கே விளக்குகள் எரியும் பள்ளிவாசலும் தராவீஹ் தொழவைக்க இமாமும் இருந்தனர். நெடுநாட்களுக்குப் பிறகு அங்கேதான் பாங்கொலி அவர் காதில் விழுந்தது. நோன்பு நாளில், அந்நிய அரசரின் தீவில், உடைந்த கப்பலிலிருந்து தப்பி வந்த ஒருவருக்கு அவ்வொலி எவ்வாறு இருந்திருக்கும்!

பலர்முவை அங்குள்ள முஸ்லிம்கள் ‘மதீனா’ என்றே அழைத்தனர். அவர்களுக்குத் தனிப் புறநகர்கள் இருந்தன, காஜி இருந்தார், எண்ணற்ற பள்ளிவாசல்களில் குர்ஆன் ஓதிக்கொடுக்கப்பட்டது, கடைவீதிகள் அவர்கள் கையில் இருந்தன. ஆனால் ஜும்ஆ இல்லை, ஏனெனில் குத்பா தடுக்கப்பட்டிருந்தது. பெருநாளில் மட்டும் குத்பா ஓதி, அப்பாஸியக் கலீபாவின் பெயரால் துஆச் செய்ய இடமளிக்கப்பட்டது. ஏழு நாள் அந்நகரில் தங்கியவர், கிறிஸ்துமஸ் அன்று பட்டாடையும் முக்காடும் மருதாணியுமாகத் தேவாலயம் சென்ற கிறிஸ்தவ மங்கையரைக் கண்டு, முஸ்லிம் பெண்களின் கோலம் இவர்களிடம் குடிபுகுந்துவிட்டதே என வியந்து நின்றார். ஆளப்படுவோரின் ஆடையை ஆள்வோர் விரும்பி அணிந்துகொண்ட வேடிக்கையும் வரலாற்றில் உண்டு.

பிறகு மேற்குக் கரையிலுள்ள திராபனி. தூனிஸுக்கு அங்கிருந்து ஒரு பகலும் ஓரிரவும் கப்பலோடினால் போதும். அவ்வளவு அருகில் முஸ்லிம்களின் நாடு. அந்தலுஸ் செல்லும் ஜெனோவாக் கப்பலில் இடம் பேசியாயிற்று. ஆனால் அரசர் ஒரு பெரும் படையெடுப்புக்குக் கடற்படையைத் திரட்டிக்கொண்டிருந்ததால் கப்பல்கள் புறப்படத் தடை விதிக்கப்பட்டது. படை எங்கே போகிறது என்று துறைமுகத்தில் ஆளுக்கொரு பேச்சு. அது கான்ஸ்டாண்டிநோபிள் அரசை நோக்கியது என்பதும், சலோனிக்கா நகரம் வீழ்ந்தது என்பதும் 1185 கோடையில் உலகுக்குத் தெரிந்தது. நம் ஹாஜியின் நாட்கள் துறையில் நின்றே கழிந்தன. நோன்புப் பெருநாளும் அங்கேதான். ஊர் முஸ்லிம்கள் பறையும் கொம்பும் முழங்கத் திடலுக்குச் சென்றதையும், கிறிஸ்தவர்கள் அதைக் கண்டும் காணாதிருந்ததையும் பெருவியப்போடு எழுதுகிறார்.

காத்திருந்தவரைத் தேடி மனிதர்கள் வரத் தொடங்கினர். பயணியிடம் மக்கள் மனம் திறப்பர். அவன் போய்விடுவான் அல்லவா? அங்குள்ளோர் அவருக்குச் சொன்ன செய்திகளில் ஒன்று பெற்றோரைப் பற்றியது. தந்தை மகனைக் கடிந்துகொண்டால், தாய் மகளோடு பிணங்கினால், அப்பிள்ளை சினத்தில் ஓடிப்போய்த் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றுவிடக்கூடும். பெற்றுவிட்டால் மகன் தந்தைக்கில்லை, மகள் தாய்க்கில்லை. ஆகவே அத்தீவின் முஸ்லிம் பெற்றோர் வாழ்நாளெல்லாம் தம் பிள்ளைகளின் முகம் பார்த்து, மனம் கோணாமல் நடந்து காலம் கழித்தனர். வரிக் கொடுமையையும் வாள் கொடுமையையும் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். மகனை ஒரு சொல் கடிந்துகொள்ள அஞ்சிய வீட்டைப் பற்றி வேறெங்கும் படித்ததில்லை.

தீவின் முஸ்லிம்களுக்குத் தலைவராயிருந்த அபுல் காஸிம் இப்னு ஹம்மூதும் திராபனிக்கு வந்தார். கைதிகளை மீட்பவர், ஹாஜிகளுக்கு வழிச்செலவு அளிப்பவர் எனப் பெயர் பெற்ற செல்வர். மேற்கின் முவஹ்ஹிதீன்களோடு கடிதத் தொடர்பு வைத்திருந்ததாகப் பழி சுமத்தப்பட்டு, முப்பதினாயிரம் தீனார் தண்டம் இழந்து, முன்னோர் வழி வந்த மனைகளையும் நிலங்களையும் பறிகொடுத்து, பிறகு மறுபடியும் அரசப் பணியில் அமர்த்தப்பட்டவர். அவர் தனிமையில் சொன்னது கேட்டவரின் கண்களைக் கலங்கச் செய்தது. நானும் என் குடும்பத்தாரும் அடிமைகளாக விற்கப்பட்டாலும் மேல், அந்த விற்பனையாவது எங்களை ஒரு முஸ்லிம் நாட்டில் கொண்டுபோய்ச் சேர்க்காதா என்று அவர் ஏங்கினார்.

இன்னொரு வீட்டிலிருந்து வந்த வேண்டுதல் இதனினும் கனமானது. திராபனியின் முக்கியஸ்தர் ஒருவர் தம் மகனை அனுப்பி, ஹாஜிகளில் ஒருவரிடம் தம் குமரை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டார். விரும்பினால் அவரே மணந்துகொள்ளலாம். இல்லையேல் தம் ஊரில் தக்க ஒருவருக்கு மணமுடித்துக் கொடுக்கலாம். எப்படியாயினும் அப்பெண் தீவைவிட்டு வெளியேற வேண்டும். தாயில்லாப் பிள்ளை, சகோதரர்களும் ஒரு சிறிய தங்கையும் உண்டு. வாப்பா மகளிடம் கருத்துக் கேட்டபோது, என்னைத் தடுத்தால் அதற்கு நீங்களே பொறுப்பு என்று அவள் பதிலளித்தாள். அந்த ஹாஜி ஒப்புக்கொண்டார். இப்னு ஜுபைரும் தோழர்களும் அவரை ஊக்கினர். குமரு காரியம் நம் வீடுகளில் எத்தனை மாத விசாரிப்பு, எத்தனை பேரின் யோசனை! ஒரு தகப்பன் முன்பின் அறியாத பயணியின் கையில் ஈரற்குலையைப் பிடுங்கிக் கொடுப்பதுபோல் மகளைக் கொடுத்தார் என்றால், அவர் எதை எண்ணி அஞ்சினார் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

நம் நூலாசிரியரின் உள்ளமும் ஒரு நிலையில் நிற்கவில்லை. அரசர் வில்லியமின் நற்குணத்தைப் புகழ்வார். அடுத்த வரியிலேயே அவருடைய தீங்கிலிருந்து முஸ்லிம்களைக் காக்கும்படி துஆச் செய்வார். கிறிஸ்தவர்களின் இன்முகமே எளிய முஸ்லிம்களுக்குப் பெருஞ்சோதனை என்றும் எழுதுவார். இதை நேர்மைக் குறைவு என்று நான் கொள்வதில்லை. சிலுவை வீரர்களின் நிலத்தில் முஸ்லிம் உழவர்கள் தம் மதத்து நிலக்கிழார்களிடம் கிடைக்காத நீதியைப் பெற்று வாழ்வதைக் கண்டபோதும், வெட்கத்தோடு அதை அப்படியே எழுதி வைத்தவர் அவர். கண்டதை மறைக்கவில்லை, கண்டதைக் கொண்டு அமைதியடையவும் அவரால் முடியவில்லை.

அவர் அஞ்சியது வீணாகவில்லை. வில்லியம் 1189இல் பிள்ளையின்றி இறந்தார். உடனே பலர்முவில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டனர். தப்பியோர் மலைகளுக்கு ஓடினர். அடுத்த நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் பிரடெரிக் எஞ்சியோரைத் தீவிலிருந்து பெயர்த்து, இத்தாலியப் பெருநிலத்தில் லுசேரா என்னும் ஊரில் குடியேற்றினார். 1300இல் அஞ்சு வம்சத்து இரண்டாம் சார்ல்ஸ் அவ்வூரைக் கலைத்து, அம்மக்களை அடிமைகளாக விற்றார். இப்னு ஹம்மூத் ஏங்கிய விற்பனை நடக்கத்தான் செய்தது; ஆனால் அவர்களை வாங்கியவர்கள் இத்தாலியச் சந்தைகளில் நின்றவர்கள்.

1185 மார்ச்சில் ஒருவாறு வழி பிறந்து கப்பல் புறப்பட்டது. திராபனிக்கு எதிரேயுள்ள சிறு தீவில் காற்றுக்காக மீண்டும் காத்திருந்தபோது, மக்காவில் பிரிந்துபோன மேற்கு நாட்டு ஹாஜிகளை மற்றொரு கப்பலில் கண்டு மகிழ்ந்தனர். சார்டினியாத் தீவைக் கடந்து, எதிர்க்காற்றோடு போராடி, அந்தலுஸின் கர்தஜன்னாத் துறையில் இறங்கினர். அங்கிருந்து முர்ஸியா, லூர்க்கா, வாதி ஆஷ் வழியாகத் தரைவழிப் பயணம். அவ்வழியை அவர் சில வரிகளில் முடித்துவிடுகிறார். வீடு நெருங்க நெருங்கப் பேனாவும் விரைகிறது போலும்.

ஹிஜ்ரி 581 முஹர்ரம் 22, வியாழக்கிழமை, 1185 ஏப்ரல் 25. அன்று கர்னாத்தாவில் தம் வீட்டை அடைந்தார். புறப்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டும் மூன்றரை மாதமும் ஆயின என்று கணக்கெழுதி நூலை முடிக்கிறார். மேலும் இரு முறை அவர் கிழக்கே பயணம் செய்தார். இறுதிப் பயணத்தில், 1217இல், இஸ்கந்தரிய்யாவில் காலமானார். அவர் பிறந்த பலன்ஸிய்யா நகரம் அரகோன் மன்னர் முதலாம் ஜேம்ஸின் கைக்குப் போனது அதற்கு 21 ஆண்டுகளுக்குப் பிறகு.