அலை வடிந்த பின்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் குவிந்து கிடக்கும் கரும்பாறைகளை நாம் அனைவரும் அறிவோம். பிரெஞ்சுக்காரர் காலந்தொட்டுப் பேணப்பட்டு வந்த அக்கல்லரண், 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலையினின்று நகரின் நடுப்பகுதியைப் பெரிதும் காத்தது. அரணில்லாத மீனவர் குப்பங்களோ அலைக்கு இரையாயின. காரைக்காலில் சில நூறு பேரும், அடுத்துள்ள நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6000-க்கும் மேற்பட்டோரும் மாண்டனர். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வேளாங்கண்ணி வந்திருந்த திருப்பயணிகளும் அவர்களுள் அடங்குவர்.

இறந்தோரை வரலாறு எண்ணி எழுதிவிட்டது. பிழைத்த சிறாரின் கணக்கோ அவ்வளவு எளிதில் முடிவதன்று. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கெனத் தமிழக அரசு நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் இல்லங்கள் திறந்தது. உணவும் உடையும் கல்வியும் கிடைத்தன. அன்றைய பள்ளிச் சிறார் இன்று வளர்ந்து, தாமே பெற்றோராகும் பருவத்தினர். கண்ணீர் வற்றியதும் காயம் ஆறிவிட்டது என்று நாம் கருதுகிறோம்.

மருத்துவ ஆய்வுகள் வேறு உண்மையைச் சொல்கின்றன. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ஃபெலிட்டி, ஆண்டா என்னும் மருத்துவர்கள் 9,500 பேரிடம் நடத்திய ஆய்வு 1998-இல் வெளிவந்தது. வன்கொடுமை, தாய் அடிபடுவதைக் காணுதல், குடிகாரர் உள்ள வீட்டில் வளர்தல் போன்ற துன்பங்களுள் நான்கு அல்லது அதற்கு மேல் பட்டவர்களுக்குக் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு வரை மிகுந்திருந்தது. பிரிட்டனில் 1958-இல் பிறந்தோரைத் தொடர்ந்து கண்காணித்த மற்றோர் ஆய்வு, இளமையில் தாயை இழந்தவர்களிடம் 45 வயதில் உடலெங்கும் பரவிய நாள்பட்ட வலி ஏறத்தாழ இருமடங்கு காணப்பட்டதை 2009-இல் தெரிவித்தது. நெடுநாள் அச்சத்தில் வளரும் பிள்ளையின் உடல், ஆபத்து அகன்ற பின்னும் விழித்தே இருக்கிறது. நரம்புகள் வலியை மிகுதியாக உணரப் பழகிவிடுகின்றன.

ஆயினும் இது மாற்றவியலாத தலைவிதியன்று. அன்பு மாறாத ஒரு பாட்டியோ ஆசிரியரோ உடனிருந்தால் பிள்ளை தேறுவதுண்டு. மனநல மருத்துவமும் வளர்ந்தோரின் வலியைத் தணிக்கிறது.

பரிசோதனையில் ஒன்றும் தென்படாத வலியோடு ஒருவர் வரும்போது, நடிப்பு என்றும், விசுவாசக் குறைவு என்றும், பாவத்தின் தண்டனை என்றும் தீர்ப்பிட நம் நா முந்துகிறது. பிறவிக் குருடனைக் கண்டு, யார் செய்த பாவம் என்று சீடர்கள் வினவியபோது ஆண்டவர் அக்கேள்வியையே தள்ளிவிட்டார். செபத்தோடு செவியும் கொடுப்போம். மருத்துவரிடம் அழைத்தும் செல்வோம். கல்லரண் தடுக்காத அலை இன்னும் சிலர் உள்ளத்தில் வடியாமல் நிற்கிறது.