குழந்தை வளர்ப்புக் கல்வி (சென்னை)

வளரிளம் பருவத்தினருக்குக் கைக்குழந்தையைப் பேணும் முறைகளையும் பெற்றோரின் பொறுப்புகளையும் சொல்லித்தரும் பாடமும் செய்முறைப் பயிற்சியும் குழந்தை வளர்ப்புக் கல்வி எனப்படும். மேலை நாட்டுப் பள்ளிகளில் இது அழுகிற மின்னணுப் பொம்மை வரை சென்றது. சென்னையிலோ பால்ய விவாகத்துக்கு எதிரான போராட்டத்தோடு பிறந்து, மனையியல் பாடமாகவும் அங்கன்வாடிப் பயிற்சியாகவும் வளர்ந்தது. அதன் தொடக்க கால வரலாற்றில் அடையாறு, மயிலாப்பூர், தியாகராய நகர் ஆகிய பகுதிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

பின்னணி

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் பல சிறுமிகள் பள்ளி வயதிலேயே மணமாகித் தாயானார்கள். கணவனை இழந்து முடங்கியவர்களும் பலர். 1886-இல் மயிலாப்பூரில் பிறந்த சகோதரி சுப்புலட்சுமி சிறுவயதிலேயே கைம்பெண் ஆனவர். 1911-இல் பட்டம் பெற்றதும், தம்மைப்போன்ற சிறுமிகள் தங்கிப் படிக்க 1912-இல் ஓர் இல்லம் தொடங்கினார். இன்று தியாகராய நகரில் இயங்கும் சாரதா வித்யாலயா 1927-இல் அவர் முயற்சியால் உருவான பள்ளி.

அடையாற்றில் 1917-இல் இந்திய மாதர் சங்கம் அமைந்தது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் இதை வழிநடத்தினர். சங்கத்தின் முன்னணித் தலைவர்களுள் ஒருவரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, சட்டமன்றத்திலும் வெளியிலும் பெண்ணின் மணவயதை உயர்த்தப் பாடுபட்டார். 1929-இல் நிறைவேறிய குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பெண்ணின் மணவயதை 14 ஆக்கியது. அது 1949-இல் 15 ஆகவும், 1978-இல் 18 ஆகவும் உயர்ந்தது. பள்ளிப் பருவத்துக்கும் தாய்மைக்கும் இடையே இவ்வாறு சில ஆண்டுகள் கிடைத்த பிறகுதான், குழந்தை வளர்ப்பை வருங்காலத்துக்கான பாடமாகப் பள்ளியில் கற்பிப்பது பொருளுடையதாயிற்று.

மனையியல்

மார்கரெட் கசின்ஸின் அழைப்பால் 1927-இல் புணேயில் கூடிய அகில இந்தியப் பெண்கள் மாநாடு, 1932-இல் டெல்லியில் லேடி இர்வின் கல்லூரியை நிறுவியது. இந்தியாவில் மனையியல் கல்விக்கு அடித்தளமிட்ட நிறுவனங்களுள் அது முதன்மையானது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1940-களில் மனையியல் பட்டப்படிப்பு வேரூன்றியது. ராணி மேரி கல்லூரியும் பெண்கள் கிறித்தவக் கல்லூரியும் அதன் முன்னோடிகள். கோயம்புத்தூரில் 1957-இல் தொடங்கிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி, ராஜம்மாள் தேவதாஸின் தலைமையில் இத்துறையின் பெரிய மையமாயிற்று. பின்னாளில் மேல்நிலைப் பள்ளிகளிலும் மனையியல் ஒரு பாடமானது.

அதுவரை குழந்தை வளர்ப்பு வீட்டுப் பெரியவர்களிடம் கற்ற கைப்பழக்கம். கால்களை நீட்டி அமர்ந்து, குழந்தையைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதும், தூளி கட்டுவதும், உரைமருந்து இழைத்துக் கொடுப்பதும் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்தவை. மனையியல் இவற்றோடு எடைப்பதிவு, தடுப்பூசி, இணை உணவு, வயதுக்கேற்ற வளர்ச்சிநிலை ஆகியவற்றைச் சேர்த்தது. சீம்பாலைப் பீச்சிக் கொட்டிவிடும் பழக்கத்தைக் கைவிடச் சொன்னது.

குழந்தையும் பொம்மையும்

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக மாணவியர் 1919 முதல் அரை நூற்றாண்டு காலம், அனாதை இல்லக் குழந்தைகளைப் பயிற்சி வீட்டில் முறைவைத்து வளர்த்துப் பழகினார்கள். கை மாறிக்கொண்டே இருந்த அந்தக் குழந்தைகளின் நலனை எண்ணினால் அது ஏற்கத்தக்க முறை அல்ல. அங்குள்ள பள்ளிகளில், மாணவர்கள் பேணிப் பழகுவதற்காக, முட்டையும் மாவுப் பையும் குழந்தையாக நடித்தன. 1993-இல் கலிஃபோர்னியாவின் ஜுர்மெய்ன் தம்பதியர், இரவும் பகலும் அழுது கவனிப்பைப் பதிவு செய்யும் மின்னணுப் பொம்மையை உருவாக்கினர்.

இளவயதுக் கர்ப்பத்தைத் தடுப்பதே அந்தப் பொம்மையின் நோக்கம். ஆனால் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 57 பள்ளிகளில் 13 முதல் 15 வயதுள்ள 2,834 மாணவியரிடம் நடந்த ஆய்வு, 2016-இல் லான்செட் இதழில் எதிர்மாறான முடிவைத் தந்தது. பொம்மைப் பயிற்சி பெற்றவர்களில் 8 சதவீதத்தினர் 20 வயதுக்குள் குழந்தை பெற்றனர். அப்பயிற்சி பெறாதவர்களில் இந்த அளவு 4 சதவீதமே. தூக்கம் கெட்டால் ஆசை விட்டுப்போகும் என்ற கணக்கு பொய்த்தது.

சென்னையில் குழந்தைகளைக் கூர்ந்து கவனித்துக் கற்கும் மரபு வலுவாக இருந்தது. 1939-இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்த மரியா மாண்டிசோரி, ஆல்காட் தோட்டத்தில் ஆசிரியர் பயிற்சி நடத்தினார். குழந்தையின் போக்கை உற்றுநோக்குவதே ஆசிரியரின் முதற்கடமை என்பது அவர் கொள்கை. குழந்தைகள், பெண்கள் நலனுக்கான அமைப்புகளும் நகரில் எழுந்தன. தியாகராய நகரில் 1949-இல் காமராசர் ஆதரவுடன் மஞ்சுபாஷிணி தொடங்கிய பால மந்திர், ஆதரவற்ற குழந்தைகளின் இல்லமாயிற்று. மயிலாப்பூரில் துர்காபாய் தேஷ்முக் வளர்த்த ஆந்திர மகிளா சபை, பெண்களுக்கான கல்வி, மருத்துவப் பணிகளாக விரிந்தது.

அங்கன்வாடி வழி

முன்பள்ளிக் குழந்தைகள் பற்றி மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972-இல் அளித்த அறிக்கை, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கு வழிகோலியது. 1975 அக்டோபர் 2-இல் அத்திட்டம் தொடங்கியது. 1991-இல் இதனுடன் வளரிளம் பெண்களுக்கான திட்டமும் சேர, பள்ளியை விட்ட 11 முதல் 18 வயதுப் பெண்கள் அங்கன்வாடியில் சத்துணவு, சுகாதாரம், குழந்தைப் பராமரிப்பு ஆகியவற்றை நேரில் பழகினார்கள். எடை பார்ப்பதும் மாவு கிளறி ஊட்டுவதும் அங்கே அன்றாட வேலை. நிஜக் குழந்தையின் பசியும் சிரிப்பும் அங்கே பாடம்.

குறையும் தேவையும்

இக்கல்வி நெடுங்காலம் பெண்களுக்கே உரியதாகக் கருதப்பட்டது. 1960-களில் ஹன்சா மேத்தா குழுவும் கோத்தாரிக் கல்விக் குழுவும் மனையியலைப் பெண்கள்மேல் கட்டாயமாகச் சுமத்த வேண்டாம் என்றன. விருப்பப் பாடமான பிறகும் அதை எடுத்துப் படிப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. ஆண் பிள்ளைகள் துணி மாற்றவோ அழும் குழந்தையைத் தேற்றவோ கற்காமலே தந்தையாகிறார்கள்; அந்த உழைப்பு முழுவதும் தாயின் தலையில் விழுகிறது.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21), 20–24 வயதுப் பெண்களில் 18-க்கு முன் மணமானவர்கள் தமிழ்நாட்டில் 12.8 சதவீதம், இந்திய அளவில் 23.3 சதவீதம். இந்த அளவைக் குறைப்பதில் பெண்களின் தொடர்ந்த படிப்புக்கும் சட்டத்துக்கும் உள்ள வலிமை எந்தப் பொம்மைக்கும் கிடையாது. பாட்டி உடனில்லாத அடுக்ககக் குடும்பங்கள் பெருகிவரும் சென்னையில், குழந்தை வளர்ப்புக் கல்வியின் பணி அச்சுறுத்துவது அல்ல, ஆயத்தப்படுத்துவது. அதற்கு மாணவரும் மாணவியரும் ஒரே வகுப்பில் அமர்ந்து, அருகிலுள்ள அங்கன்வாடிக் குழந்தைகளுடன் பழகிக் கற்க வேண்டும்.